கேட்டில் செருகிய பத்திரிகை

கேள்வி: எனக்கு 67 வயது. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கணவர் இல்லை. ஒரே மகள் நியூ ஜெர்சியில் இருக்கிறாள். கொரோனாவில் கோயில்களை மூடியபோது, மகள் தன் சபையின் ஆராதனையைப் போனில் பார்க்க ஏற்பாடு செய்துகொடுத்தாள். கறுப்பினத்தவர் ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ் பிடியில் இறந்த வாரம் அங்கே போதகர் நிறவெறி பாவம் என்று பிரசங்கித்ததைக் கேட்டு அழுதுவிட்டேன், உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன். ஆனால் இங்கே எங்கள் சபைக்கு வந்திருக்கும் புது ஆயர், முப்பது வயதுகூட இருக்காது, பைபிளிலிருந்து யாக்கோபு நிருபத்தை எடுத்துக்கொண்டு நம் சபையிலேயே ஜாதி இருக்கிறது என்று பேசுகிறார். அது வேறு, இது வேறு அல்லவா? அன்றிலிருந்து கோயிலுக்குப் போகவில்லை, போனிலேயே பார்த்துக்கொள்கிறேன். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. காலனியிலிருந்து வரும் எங்கள் சபைப் பையன் ஒருவன் கொரோனா சமயத்தில் பால், மாத்திரை வாங்கிக் கேட்டில் மாட்டிவிட்டுப் போவான். இன்றைக்கும் அப்படித்தான். பெட்ரோலுக்குக் காசு கொடுத்தாலும் வாங்கமாட்டான். போன மாதம் அவன் மகள் கல்யாணப் பத்திரிகையையும் கேட்டிலேயே செருகிவிட்டுப் போயிருந்தான். முட்டி வலியால் போக முடியவில்லை. இப்போதெல்லாம் ஜெபத்தில் மனம் ஒட்டமாட்டேன் என்கிறது. ஆண்டவர் என்னைவிட்டுத் தூரமாகிவிட்டாரா?
– ஒரு சகோதரி, காட்பாடி

பதில்: டீச்சரம்மா, உங்கள் கடைசிக் கேள்வி எனக்கு வருகிற கடிதங்களில் பாதியில் இருக்கிறது. அதற்கு எல்லாரும் சொல்லும் ஆறுதலை நீங்கள் எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருப்பீர்கள். நான் உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். 'பையன்.'

கல்யாண வயதில் மகள் இருக்கிறவர் எப்படி அம்மா பையன்? நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்காதா அவருக்கு? முப்பது வயதுகூட ஆகாத ஆயர், அதுவும் உங்களுக்குப் பிடிக்காத ஆயர், 'பேசுகிறார்.' ஐந்து வருடமாக உங்களுக்குப் பாலும் மாத்திரையும் கொண்டுவருகிற மனிதர் 'மாட்டிவிட்டுப் போவான்.' காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு ஆன் விகுதி, ஆர் விகுதி சொல்லிக்கொடுத்தவர் நீங்கள். எந்த விகுதியை யாருக்குப் போடுகிறோம் என்று தெரியாமல் எழுதினீர்கள் என்றால் நான் நம்பமாட்டேன்.

நீங்கள் கண்ணீர் விட்ட அந்த அமெரிக்காவிலும் இதே சொல்தான். கறுப்பின ஆண் பேரன் பேத்தி எடுத்த பிறகும் வெள்ளைக்காரர்கள் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். 1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத்தில் மழைக்குக் குப்பை லாரிக்குள் ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பையை நசுக்கும் இயந்திரத்தில் சிக்கிச் செத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி கேட்டார்கள், சங்கம் கேட்டார்கள். ஆனால் அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் இருந்தது ஒரே வரி: 'ஐ ஆம் எ மேன்.' நான் மனுஷன் என்றும் அர்த்தம், நான் வளர்ந்த ஆள், பையன் இல்லை என்றும் அர்த்தம். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில்தான் கறுப்பினத் தலைவரும் போதகருமான மார்ட்டின் லூதர் கிங்கை ஏப்ரல் 4ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள். உங்கள் மகளின் சபையில் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்ட பிரசங்கத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது.

அது வேறு, இது வேறு என்று நீங்கள் சொல்கிறீர்கள். கிங் அப்படிச் சொல்லவில்லை. 1959இல் அவர் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர்' என்று அவரை அறிமுகப்படுத்தினார்கள். முதலில் அவருக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்துவிட்டு, ஆமாம், நானும் தீண்டத்தகாதவன்தான், என் நாட்டுக் கறுப்பர் ஒவ்வொருவரும் அப்படித்தான் என்று ஒத்துக்கொண்டதாக 1965இல் தன் சபையில் பிரசங்கித்தபோது அவரே சொன்னார்.

ஃபிளாய்டின் கழுத்தில் அந்தப் போலீஸ்காரர் முழங்காலை வைத்து அழுத்திய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தின வருடம், 2019 ஆகஸ்டில், வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில் இறந்துபோன ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வழி மற்ற ஜாதிக்காரர்களின் நிலத்தில் அடைபட்டிருந்தது. அந்த வீடியோவும் எல்லார் போனிலும் வந்தது. அப்போது அது நம் வேலூர் மாவட்டம். அதற்கு நீங்கள் அழுதீர்களா, யாருக்காவது அனுப்பினீர்களா? கிறிஸ்தவர்களுக்குள் அப்படி இல்லை என்று சொல்ல வராதீர்கள். செத்த பிறகும் ஜாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் என்று வைத்திருக்கும் சபைகள் நம் தமிழ்நாட்டில் உண்டு.

சரி, பத்திரிகைக்கு வருகிறேன். என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

நம் ஊரில் யாராவது கல்யாணப் பத்திரிகையைக் கேட்டில் செருகுவார்களா? புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து, தட்டில் பழம் வெற்றிலையோடு வைத்து, கையில் கொடுத்து, அவசியம் வரவேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி வீட்டுக்கும் படி ஏறித்தான் பத்திரிகை வைப்பார்கள். உங்கள் வீட்டில் மட்டும் அவர் ஏன் செருகிவிட்டுப் போனார்? எதுவரை வரலாம் என்று அவருக்குத் தெரியும். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

கொரோனா என்று சொல்லாதீர்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது எல்லாரும் எல்லாரிடமிருந்தும் தள்ளித்தான் நின்றோம், அது சரியும்கூட. ஈஸ்டருக்கும் கோயில் திறக்கவில்லை. அந்தத் தூரம் நோயால் வந்தது, நோயோடு போய்விட்டது. உங்கள் கேட்டில் மட்டும் போகவில்லை. கொரோனாவுக்கு முன்னால் அவர் ஒருநாளாவது உங்கள் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்திருந்தால், எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் மன்னிப்புக் கேட்கிறேன்.

எங்கள் வீட்டிலும் திண்ணைவரை என்று ஒரு கணக்கு இருந்தது. என் அப்பாவுக்குக் குழி வெட்டியவர் அன்று சாயங்காலம் திண்ணையிலேயே சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி சொல்ல வழியில்லை. உங்களுக்கு வழி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

மகள் தூரதேசத்தில் இருக்கிறாள், மாத்திரை வாங்கிவர அவளால் முடியாது. பிள்ளை செய்யவேண்டியதை யார் செய்கிறாரோ அவர்தான் பிள்ளை, ரத்த உறவெல்லாம் அப்புறம்தான். நான் அப்படித்தான் நம்புகிறேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் பாட்டி ஸ்தானத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கவேண்டியவர் நீங்கள். முட்டி வலி என்கிறீர்கள். வருஷா வருஷம் பென்ஷன் நேர்காணலுக்குப் போவதும் இதே முட்டியோடுதானே?

பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்கிறீர்கள். தினமும் கேட்டுவரை ஒருவர் வருகிறார்.

ஜெபத்தில் மனம் ஒட்டாததற்கு மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் 23, 24ஆம் வசனங்களைப் பாருங்கள். சகோதரனுக்கு உன்பேரில் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னாலேயே வைத்துவிட்டு முதலில் போ என்கிறார் இயேசு. ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்திவையுங்கள், தப்பில்லை. இந்த வாரமே ஆட்டோ பிடித்து அவர் வீட்டுக்குப் போங்கள். 'காலனி' என்று ஆட்டோக்காரரிடம் சொல்லாதீர்கள், தெருப் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். தலித் குடியிருப்புக்கு வைத்த அந்தச் சொல்லை அரசாங்க ஆவணங்களிலிருந்தே எடுக்கப்போவதாக 2025இல் சட்டமன்றத்தில் அறிவித்தாகிவிட்டது. உள்ளே போய் உட்காருங்கள். கொடுப்பதைச் சாப்பிடுங்கள். கல்யாணத்துக்கு வராதது என் தப்பு என்று சொல்லுங்கள், முட்டியை இழுக்காதீர்கள். அவரையும் அவர் மனைவியையும், முடிந்தால் மணமக்களையும், உங்கள் வீட்டுக்கு விருந்துக்குக் கூப்பிட்டுக் கூடத்தில் இலை போடுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் அந்த ஆயர், ஆள் பார்த்துப் பட்சபாதம் காட்டாதே என்கிற யாக்கோபு இரண்டாம் அதிகாரத்திலிருந்து என்னதான் சொல்கிறார் என்று முழுசாகக் கேளுங்கள்.

மொய்க் கவரைக் கையில் கொடுங்கள். மேலே அவர் பெயரை எழுதிவிடுங்கள். இத்தனை நீளக் கடிதத்தில் அது எங்கேயும் இல்லை. பத்திரிகையில் இருக்கும், பாருங்கள்.