பவுன்டி கப்பல் கதை: ரீமேக் ஏன் சோடை போனது?

ரீமேக் என்றால் ஏற்கெனவே வந்த படத்தின் கதையை மறுபடி எடுப்பது. 1789-இல் பிரிட்டனின் பவுன்டி கப்பலில் நடந்த கலகத்தைச் சொன்ன 1935-ஆம் ஆண்டு கறுப்பு வெள்ளைப் படம் ‘மியூட்டினி ஆன் தி பவுன்டி’, சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. 1962-இல் அதே கதையை, புதுக் கப்பலே கட்டி, பசிபிக் தீவான தாஹிட்டிக்குப் போய், வண்ணத்தில் எடுத்தார்கள். 7 ஆஸ்கர் பரிந்துரைகள், விருது ஒன்றுமில்லை.

படப்பிடிப்பின்போதே திரைக்கதை மாறியது, இயக்குநரும் மாறினார். முதல் படத்தின் உயிரே சார்லஸ் லாட்டனின் கொடுமைக்கார கேப்டனுக்கும் கலகத் தலைவனாக வரும் கிளார்க் கேபிளுக்கும் நடக்கும் மோதல்தான். ரீமேக்கில் கேபிளின் அந்த வேடத்தில் மார்லன் பிராண்டோ அலட்டல் மைனராக வர, அந்தச் சூடு ஆறிவிடுகிறது (என் கணிப்பு இது). தலைவாழை இலையில் பதினாறு வகை வைத்து, சாம்பாரில் உப்புப் போட மறந்த கதை.

படம் ஓடவே இல்லை என்பார்கள், தவறு. அந்த ஆண்டு நன்றாக வசூலித்த படங்களில் அதுவும் ஒன்று, செலவுதான் வசூலை விழுங்கிவிட்டது.