சொந்தச் சிறு விமானத்தை ஏன் பங்கு போடுகிறார்கள், வாடகைக்கு விடுகிறார்கள்?

பங்கு என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரே விமானத்துக்கு உரிமையாளர்கள் ஆவது. வாடகை என்றால், உரிமம் உள்ள இன்னொரு விமானி தான் ஓட்டிய மணிக்கணக்குக்குப் பணம் தருவது. எரிபொருளும் அடங்கிய கட்டணத்தை 'வெட்' என்றும், அடங்காததை 'டிரை' என்றும் சொல்வார்கள்.

முக்கியக் காரணம் செலவுதான். நிறுத்துமிட வாடகை, காப்பீடு, வருடாந்திரச் சோதனை, இவையெல்லாம் விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்து நிற்கும். ஒருவர் மட்டும் வருடத்துக்கு 40 மணி நேரம் பறந்தால் அந்தப் பாரம் முழுக்க அந்த 40 மணி மேல்தான். நாலு பேர் சேர்ந்து 160 மணி பறந்தால், மணிக்குக் கால்வாசிதான் விழும்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் பாழாகும் இல்லையா, விமானமும் அப்படித்தான். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பரவலாக உள்ள லைக்கமிங் எஞ்சினில் கேம்ஷாஃப்ட், அதாவது வால்வுகளைத் திறக்க வைக்கும் சுழல் தண்டு, மேல்பகுதியில் இருக்கிறது. வாரக்கணக்கில் சும்மா நின்றால் அதன் மேல் படிந்த எண்ணெய் வழிந்து இறங்கிவிடும், அப்புறம் துரு பிடிக்கும். அடிக்கடி பறக்கும் எஞ்சினுக்கு இந்த ஆபத்து குறைவு.

வாடகைக்கு விடும் முன் காப்பீட்டு நிறுவனத்திடம் கட்டாயம் சொல்லுங்கள். சொந்த உபயோகத்துக்கு எடுத்த காப்பீடு பெரும்பாலும் வாடகைக்குச் செல்லாது.

பங்குதாரர் ஆகிவிட்டால் ஆட்களை ஏற்றிக் காசு வாங்கலாம் என்று பலர் நினைப்பது தவறு: அமெரிக்க விதிப்படி, தனியார் விமானி உரிமம் மட்டும் உள்ளவர் பயணிகளோடு அந்தப் பயணத்தின் எரிபொருள் போன்ற செலவைப் பகிரலாம், ஆனால் தன் சமபங்கைவிடக் குறைவாகக் கொடுக்கக் கூடாது.