வீட்டு நீச்சல் குளத்தின் மணல் வடிகட்டியில் மணலை மாற்றும்போது எந்த ஊடகத்தை, அதாவது வடிகட்டும் பொருளை, தேர்ந்தெடுக்க வேண்டும்?

வடிகட்டியிலுள்ள பழைய மணலை அகற்றும் நேரம் வந்துவிட்டது, மறுபடியும் மணலையே நிரப்புவதா, கண்ணாடித் துகள், சியோலைட் என்னும் கனிமம், செயற்கை இழையாலான பஞ்சு உருண்டை ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுள் மிக நுண்ணிய அழுக்கைப் பிடிப்பது எதுவோ அதையே வாங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி வாங்க வேண்டாம் என்பதே என் பதில். பையின் மேல் அச்சிட்டிருக்கும் மைக்ரான் எண்ணை (பிடிபடும் துகளின் அளவு; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பார்ப்பதற்கு முன்னால், உங்கள் பம்ப் தண்ணீரை எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறது, உங்கள் தண்ணீர் எவ்வளவு கடினமானது (கால்சியம் போன்ற உப்புகள் எவ்வளவு மிகுந்தது) என்ற இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

இதை நான் அனுபவத்தில்தான் தெரிந்துகொண்டேன். குளோரின் அளவு சரியாக இருந்தும் எங்கள் குளத்து நீர் வாரக்கணக்கில் மங்கலாகவே இருந்தது. மணல் தேய்ந்துவிட்டது என்று எண்ணி வடிகட்டியின் மூடியைத் திறந்தேன். மேலே இரண்டு அங்குல ஆழத்துக்கு மணல், கையால் பெயர்க்க முடியாத ஓடாக இறுகிக் கிடந்தது. சுவரையொட்டிய ஓரிடத்தில் மட்டும் சுட்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. தண்ணீர் முழுவதும் அந்தத் துளை வழியாகவே ஓடிக்கொண்டிருந்தது, மற்ற மணலைத் தொடவே இல்லை. கால்சியம் மிகுந்த நீரில் கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் குளோரின் மருந்தையும் தொடர்ந்து போட்டு, பி.எச். அளவை 8-க்கு மேல் ஏறவிட்டதன் விளைவு அது. அந்தப் பழக்கத்தை மாற்றாமல் எந்த ஊடகத்தை நிரப்பியிருந்தாலும் நிலைமை பெரிதாகத் தேறியிருக்காது.

வேகத்தைக் கணக்கிடுவது எளிது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகட்டியின் பரப்பு ஏறத்தாழ 0.28 சதுர மீட்டர். அதில் மணிக்கு 14,000 லிட்டர் தள்ளும் பம்பை இணைத்தால், மணற்படுகை வழியாக நீர் மணிக்கு 50 மீட்டர் வேகத்தில் இறங்கும். அதே பம்பின் ஓட்டத்தை 8,500 லிட்டராகக் குறைத்தால் வேகம் 30 மீட்டராகிவிடும். அதே மணல் அப்போது கண்கூடாக மேலான தெளிவைத் தரும். வேகம் மாற்றக்கூடிய பம்ப் உங்களிடம் இருந்தால், புதிய ஊடகம் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் இதைச் செய்து பாருங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி ஊடகங்களுக்கு வருகிறேன். 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரை சலித்தெடுத்த சிலிக்கா மணல் பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரையிலான துகள்களைப் பிடிக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் எல்லையும் ஏறக்குறைய 40 மைக்ரான்தான் என்பதால், பெரும்பாலான வீட்டுக் குளங்களுக்கு இது போதும். கட்டட வேலைக்கான மணலை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், அதிலுள்ள களிமண்ணும் ஒழுங்கற்ற பருமனும் படுகையைக் கெடுத்துவிடும். கண்ணாடித் துகள் மணலைவிட நுண்ணிய அழுக்கைப் பிடிப்பதோடு, அதன் வழவழப்பான பரப்பில் சுண்ணமும் பாசியும் எளிதில் ஒட்டுவதில்லை. எடையிலும் மணலைவிட ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் குறைவாகப் போட்டாலே தொட்டி நிரம்பிவிடும். கடினமான நீர் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான், எங்கள் தொட்டியிலும் இப்போது இதுவே இருக்கிறது.

சியோலைட்டின் சிறப்பு, அது அம்மோனியாவை அயனிப் பரிமாற்றத்தால் இழுத்து வைத்துக்கொள்வது. ஆனால் அப்படி இழுத்த அம்மோனியாவை வெளியேற்றி அதைப் புதுப்பிப்பதற்கே உப்புக் கரைசலைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆகவே குளத்தின் உப்பு நீரிலிருந்தே குளோரினை உண்டாக்கும் குளோரினேட்டர் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பயன் குறைந்துவிடுகிறது. பஞ்சு உருண்டைகள் எடை மிகக் குறைந்தவை, சிறிய குளத்துக்கு வசதியானவை. எனினும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்தால் பேக்வாஷ் (நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவுவது) செய்து மட்டும் சுத்தமாக்க முடியாது, வெளியே எடுத்துத்தான் அலச வேண்டும். டயட்டம் மண் (நுண்பாசிகளின் படிமங்களாலான தூள்) 3 முதல் 5 மைக்ரான் வரை பிடித்தாலும் அதற்கென அமைந்த தனி வடிகட்டி வேண்டும் என்பதால், மணல் தொட்டியில் அதை ஊடகமாக நிரப்ப முடியாது.

மணலையே தொடர்வதாக இருந்தால், அடிக்கடி பேக்வாஷ் செய்யாதீர்கள். படுகையில் சிறிது அழுக்கு தங்கியிருக்கும்போதுதான் இடைவெளிகள் குறுகி, வடிகட்டல் இன்னும் நுண்மையாகிறது. சுத்தமான நிலையில் காட்டும் அழுத்தத்தைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ. (அழுத்தமானி காட்டும் அலகு) ஏறிய பிறகு செய்தால் போதும்.

நிரப்பும்போது தொட்டியில் பாதியளவு தண்ணீர் விட்டு, நடுக்குழாயின் வாயை ஒரு பையால் இறுகக் கட்டிவிட்டு, ஊடகத்தை மெதுவாகக் கொட்டுங்கள். இல்லையெனில் கீழே விரல்போல் பரந்திருக்கும் பிளாஸ்டிக் கிளைக்குழாய்கள் உடைந்து, மணல் குளத்துக்குள்ளேயே வந்து சேரும். உலர்ந்த சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் அவசியம். முதலில் பேக்வாஷ், பிறகு ரின்ஸ் (வடிகட்டிய நீரைக் குளத்துக்கு விடாமல் சிறிது நேரம் வெளியேற்றுவது), அதன் பிறகே வடிகட்டும் நிலைக்கு வால்வைத் திருப்புங்கள். அப்போது அழுத்தமானி காட்டும் எண்ணை அதன் கண்ணாடியின் மீதே மார்க்கரால் குறித்துவிடுங்கள், அடுத்த பேக்வாஷ் எப்போது என்பதை அந்தக் கோட்டிலிருந்துதான் கணக்கிட வேண்டும்.