பாகங்கள் 370 டாலர், விலை 999 டாலர்!

கேள்வி: ஆயிரம் டாலர் போனுக்குள் இருக்கும் பாகங்கள் நானூறு டாலர்கூட வராதாமே, மிச்சமெல்லாம் கொள்ளை லாபம்தானே?

பதில்: பாதிக் கணக்கைத்தான் பார்க்கிறீர்கள். 2017-இல் ஐபோன் எக்ஸைப் பிரித்துப் பார்த்த ஐஎச்எஸ் மார்க்கிட் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், அதன் பாகங்களுக்குச் சுமார் 370 டாலர் என்று மதிப்பிட்டது, விற்பனை விலை 999. சரி, ஆனால் சிப் வடிவமைப்பு, மென்பொருள், காப்புரிமைக் கட்டணம், சரக்குப் போக்குவரத்து, கடைக்காரர் கமிஷன், விளம்பரம், வாரன்டியில் திரும்பி வரும் போன்கள் எல்லாம் அந்த 370-இல் சேராது. வரியும் போக, 2017 நிதியாண்டில் ஆப்பிளுக்கு நின்ற நிகர லாபம் மொத்த விற்பனையில் சுமார் 21 சதவீதம். அதுவே பெரிய லாபம்தான், மறுக்கவில்லை. நிஜமாக அள்ளுவது மெமரியில்: அதே போனில் 64 ஜிபியிலிருந்து 256-க்குப் போக அப்போது 150 டாலர் கூடுதல், மெமரி சிப்புக்கு அவ்வளவு எங்கே ஆனது?

கேள்வி: நஷ்டத்துக்கு விற்பவர்களும் உண்டா?

பதில்: ஏன் இல்லை? 2006-இல் சோனியின் 20 ஜிபி பிளேஸ்டேஷன் 3 கேம் கருவியின் விலை 499 டாலர், ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் அதைச் செய்ய 800 டாலருக்கு மேல். அப்புறம் விற்கும் ஒவ்வொரு கேமிலும் சோனிக்குப் பங்கு வருமே!