அமெரிக்க அடிமைகளை விடுவித்தவர் லிங்கன்தானே? தப்பியோடியவர்களால் என்ன மாறியது?

நிறையவே மாறியது. 1861 மார்ச்சில் பதவியேற்றபோது, அடிமைமுறை உள்ள மாநிலங்களில் அதில் கை வைக்கப்போவதில்லை என்றவர்தான் லிங்கன். அவரை 1863 விடுதலைப் பிரகடனம் வரை நெட்டித் தள்ளியவர்களில், யாரிடமும் அனுமதி கேட்காமல் கிளம்பிவந்த அடிமைகளும் உண்டு.

அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர் தொடங்கியிருந்த நேரம். பிரிந்த மாநிலங்களில் ஒன்றான வர்ஜீனியாவில் 1861 மே 23 இரவு நடந்ததைப் பாருங்கள். தெற்குப் படைக்காகப் பீரங்கித் தளம் கட்டும் வேலையில் தள்ளப்பட்டிருந்த பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் மூவரும் படகில் துடுப்புப் போட்டு, வடக்கு ராணுவத்தின் வசமிருந்த மன்றோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாளே எஜமானர் தரப்பு அதிகாரி வெள்ளைக்கொடியோடு வந்து, தப்பியோடிய அடிமைகளை எஜமானரிடமே ஒப்படைக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி மூவரையும் திருப்பிக் கேட்டார். கோட்டையின் தளபதி பட்லர் தொழிலால் வழக்கறிஞர்; மடக்கிவிட்டார். வர்ஜீனியா தனி நாடு என்றால் அமெரிக்கச் சட்டம் அதற்குப் பொருந்தாது, இவர்கள் போரில் கைப்பற்றிய எதிரிச் சொத்து என்பது அவர் வாதம். மனிதர்களைச் சொத்து என்று ஒப்புக்கொண்டேதான் காப்பாற்றினார் என்பதால், அவரை மகானாக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்தி பரவியது. சில வாரங்களில் குழந்தை குட்டிகளோடு நூற்றுக்கணக்கானோர் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். இத்தனை பேரை என்ன செய்வது? வாஷிங்டன் முடிவெடுத்தே ஆக வேண்டியதாயிற்று. எதிரியின் போர் வேலையில் ஈடுபடுத்தப்பட்ட அடிமைகளைப் பறிமுதல் செய்ய வழிசெய்த முதல் பறிமுதல் சட்டம் ஆகஸ்டில் வந்தது; 1862 மார்ச்சில், தப்பி வந்தவர்களைத் திருப்பி ஒப்படைக்க ராணுவத்தினருக்குத் தடை விதிக்கப்பட்டது. போர் முடிவதற்குள் சுமார் 1,80,000 கறுப்பினத்தவர் வடக்கு ராணுவத்தில் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முன்னாள் அடிமைகள்.