இரண்டே வருடத்தில் கைக்கு வந்த மூன்று வருடப் பட்டம்

கேள்வி: 2021-ல் பிளஸ் டூ முடித்தேன். வீட்டுச் சூழ்நிலையால் கல்லூரிக்குப் போக முடியவில்லை. எங்கள் ஊர் ஸ்டடி சென்டரில் 58,000 ரூபாய் கட்டி, வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தேன். 2023-ல் பட்டம் வந்துவிட்டது. கடந்த ஆகஸ்டில் பி.எட். சேரப் போனபோது, இது செல்லாது என்று சான்றிதழைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சென்டரில் கேட்டால், ‘யூஜிசி அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம்தான், கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாம்’ என்கிறார்கள். போகலாமா? என் தங்கை தொலைநிலையில் மைக்ரோபயாலஜி படிக்க ஆசைப்படுகிறாள். அவளையும் நினைத்தால் பயமாக இருக்கிறது.
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: பட்டம் செல்லும் என்று அறிவிக்கச் சொல்லி வழக்குப் போடாதீர்கள். கட்டிய பணத்துக்காகச் சென்டர் மேல் போடுங்கள். அதில் வலு இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய நகல்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ரசீதில் தேதி 14.9.2021. மதிப்பெண் பட்டியலின் மூலையில் பொடி எழுத்தில் இருப்பது: சேர்க்கை, ஜூலை 2020. அந்த ஜூலையில் நீங்கள் பிளஸ் டூ மாணவி. கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்காமல் எல்லோரும் தேர்ச்சி பெற்ற அந்த பேட்ச். பள்ளியில் இருந்தபோதே பட்டப்படிப்பும் படித்தீர்கள் என்று உங்கள் சான்றிதழே சாட்சி சொல்கிறது. ‘ரெண்டே வருஷத்துல முடிச்சுத் தர்றோம்’ என்று சொல்லியிருப்பார்கள். பழைய தேதி போட்டுச் சேர்ப்பது இந்தத் தொழிலில் பல வருடமாக நடக்கும் வேலை.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பிறகு மூன்று வருடப் பட்டம். இந்த வரிசை இருந்தால்தான் தமிழக அரசு வேலைக்குப் பட்டம் எடுபடும். 18.8.2009 தேதியிட்ட அரசாணை 107 அதைத்தான் சொல்கிறது. யூஜிசி விதிகள் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும் என்று அதே 2009-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாணவர் மேல் இரக்கப்பட்டு நீதிபதி இந்த வரிசையை மாற்ற முடியாது.

சென்டர்காரர் சொல்வதில் பாதி உண்மைதான். அந்தப் பல்கலைக்கழகம் யூஜிசி பட்டியலில் இருக்கலாம். ஆனால் தொலைநிலையில் பாடம் நடத்த, யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவிடம் தனி அனுமதி வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும் அனுமதி அல்ல அது. எந்தப் பாடம், எந்தக் கல்வியாண்டு என்று பார்த்துக் கொடுப்பது. போதாக்குறைக்கு, ஒரு மாநிலச் சட்டத்தில் பிறந்த பல்கலைக்கழகம் தன் எல்லை தாண்டித் தொலைநிலை மையம் நடத்தக் கூடாது. மையத்தை வேறொருவருக்குக் குத்தகை போல விடுவதையும் தொலைநிலைக் கல்விக்கான யூஜிசியின் 2020 விதிமுறைகள் தடுக்கின்றன. ‘ஜூலை 2020 சேர்க்கைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலை பி.எஸ்சி. கணிதத்துக்கு அனுமதி இருந்ததா?’ என்று யூஜிசிக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. அந்தப் பதில் உங்கள் வழக்கில் முதல் ஆவணமாகும்.

இனி பணம். தொலைநிலைப் பொறியியல் பட்டங்கள் பற்றி 2017 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பில், 2005-க்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தானது. கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படியும் உத்தரவானது. உங்களுக்கு வழி நுகர்வோர் ஆணையம். பல்கலைக்கழகத்துக்கு மாணவர் நுகர்வோர் அல்ல என்று 2010 தீர்ப்பு ஒன்றை எதிர்த்தரப்பு நீட்டும். அங்கீகாரம் இருப்பதாகப் பொய் சொல்லிச் சேர்த்தது சேவைக் குறைபாடே என்று ஒரு பல் மருத்துவக் கல்லூரி வழக்கில் 2009-ல் வந்த தீர்ப்பை நாம் காட்டலாம். இன்னொன்று, உங்கள் ரசீதில் பல்கலைக்கழகத்தின் பெயரே இல்லை. ஏதோ ஒரு அறக்கட்டளையின் ரப்பர் ஸ்டாம்ப்தான் இருக்கிறது. சென்டர்காரர் இனி பல்கலைக்கழகத்தின் முதுகில் ஒளிய முடியாது.

நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். உங்களுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் கிடையாது. கெடு இரண்டு வருடம். பி.எட். மறுக்கப்பட்ட நாளிலிருந்து அதைக் கணக்கிட வேண்டும் என்று வாதாடலாம்.

‘மூன்று வருடப் படிப்பை இரண்டு வருடத்தில் முடித்தபோது சந்தேகம் வரவில்லையா அம்மா?’ குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நம்பவைத்த வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் சான்று இணைக்க வேண்டும்.

காவல்துறையிலும் மோசடிப் புகார் கொடுக்கலாம். சம்பவம் 1.7.2024-க்கு முந்தியது, ஆகவே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவுதான். புகார் போன பிறகு பணத்தோடு சமரசம் பேச வந்த சென்டர்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எதுவானாலும் இந்தச் சான்றிதழை ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கோ (டிஆர்பி) டிஎன்பிஎஸ்சிக்கோ கொடுத்துவிடாதீர்கள். தேதி தவறு என்று தெரிந்த பிறகும் கொடுத்தால், புகார்தாரரான நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

தொலைநிலைப் பட்டம் என்பதாலேயே மட்டமில்லை. முறையான அனுமதியோடு படித்தால் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று 2020 விதிமுறைகளின் 22-வது விதி சொல்கிறது. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ கணிதத்தை முதலிலிருந்து தொடங்கலாம். மூன்று வருடம் கூடுதலாகப் போகும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தங்கையைச் சேர்க்க வேண்டாம். மைக்ரோபயாலஜி, உயிரித் தொழில்நுட்பம், உளவியல், உணவு ஊட்டச்சத்தியல் ஆகியவற்றில் 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தொலைநிலைக்கும் ஆன்லைனுக்கும் யூஜிசி தடை போட்டிருக்கிறது. இப்போது அவற்றுக்கு யார் விண்ணப்பப் படிவத்தை நீட்டினாலும் தங்கை எழுந்து வந்துவிடட்டும். இயற்பியலோ வேதியியலோ என்றால், செய்முறை வகுப்பு எந்த ஆய்வகத்தில், எத்தனை நாள் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

சென்டருக்கு வக்கீல் நோட்டீஸ் இந்த மாதமே போகட்டும், ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில். அசல் ரசீதை மட்டும் யார் கேட்டாலும் கையைவிட்டு விடாதீர்கள்.