கேளுங்க அண்ணாச்சி: அஞ்சு விசில் போதாது தாயி

கேள்வி: அண்ணாச்சி, வீட்டுல சிப்பிக் காளான் போடுதேன். காளான் விதை வளக்க சோளத்த அரைவேக்காடா வேகவச்சு, பையில கட்டி, பஞ்சு அடைச்சு, குக்கர்ல அஞ்சு விசில் விட்டு இறக்குதேன். பத்து பையில நாலு புளிச்ச கஞ்சி மாதிரி நாறுது, மூணுல பச்சைப் பூசணம். கொதிச்சா கிருமி சாகாதா?
- அம்பாசமுத்திரம் பக்கமிருந்து ஒரு வாசகி

பதில்: சாகும் தாயி, எல்லாம் சாகாது. சில பாக்டீரியா ஸ்போர்னு கெட்டி ஓட்டுக்குள்ள சுருண்டு கிடக்கும், 100 டிகிரி கொதிதண்ணில கிடந்துட்டு ஆறுனப்புறம் எந்திரிச்சு வேலைய ஆரம்பிச்சிரும். அந்தப் புளிச்ச நாத்தம் அதுதான். அதக் கொல்ல 121 டிகிரி ஆவி வேணும், அதாவது 15 பவுண்டு பிரஷர். ஆஸ்பத்திரில கத்தி கத்திரியெல்லாம் ஆட்டோகிளேவ்ல போடுதாங்கல்லா, அதுவும் இந்தக் கணக்குதான். 1879ல லூயி பாஸ்டர்ங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி கூட இருந்த சேம்பர்லேண்ட் செஞ்சது அது, நம்ம குக்கருக்குப் பெரியண்ணன்னு வச்சுக்கிடுங்க.

ஆனா கத்திரிக்கு 15, 20 நிமிஷம் போதும், சோளப் பைக்குப் போதாது, நடுவுல இருக்க மணிக்குச் சூடு போய்ச் சேரவே நேரம் ஆகும். ரெண்டு மணி நேரம் வைங்க. விசில எண்ணாதீங்க, அது பருப்புக்கு. அடியில தண்ணி தாராளமா ஊத்தி, ஸ்டாண்டு போட்டு பைய மேல அடுக்குங்க, மூடுனதும் வெயிட்டப் போட்டுறாதீங்க, ஆவி சர்ருன்னு நேரா அடிக்கணும், ஒரு அஞ்சு நிமிஷமாவது அடிக்கட்டும், உள்ள இருக்க காத்து வெளியேறணும், காத்து மாட்டிக்கிட்டா அந்த இடத்துல சூடு ஏறாது. அப்புறம் வெயிட்டு, மொத விசில் வந்ததும் சிம்முல. சின்னக் குக்கர்னா தண்ணி வத்திரும், பெருசா ஒண்ணு பாத்துக்கிடுங்க. பை பிபி (பாலிப்ரொப்பிலீன்) கவரா இருக்கணும், சாதா பாலித்தீன் இளகிரும்.

பச்சைப் பூசணம் வேற கதை. அது சூட்டுக்குச் சீக்கிரம் செத்துரும், அதனால பெரும்பாலும் பின்னாடி உள்ள வந்ததுதான். எங்க வீட்டுலயும் மொத தடவ இதே கூத்துதான், நான் அவசரப்பட்டு குக்கர் மேல பைப்புத் தண்ணியத் திறந்துவிட்டேன், உள்ள பிரஷர் சட்டுனு இறங்கி பைக்குள்ள வெளிக்காத்த இழுத்துருச்சு, பஞ்சும் நனைஞ்சு தொப்பலாப் போச்சு, மூணாம் நாள் பாத்தா பஞ்சு வழியா பச்ச இறங்கி வருது. பஞ்சு மேல பேப்பர் சுத்தி ரப்பர் பேண்டு போடுங்க, குக்கர் தானா ஆறட்டும்.

அப்புறம் காளான் முளைக்க விதையப் போடுற வைக்கோலுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஊறவச்சு ஒரு மணி நேரம் வேகவச்சாப் போதும், அங்க காளான் விதைய அள்ளிப் போடுதோம், அது முந்திக்கிடும்.

கேள்வி: லேப்ல கண்ணாடிச் சாமான 'அவன்'கிற காய்ஞ்ச சூட்டு அடுப்புல 160 டிகிரில ரெண்டு மணி நேரம் வைக்கச் சொல்லுதாங்க. ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி கால் மணி நேரம்தான். சூடு கூடுனா சீக்கிரம்தான சாகணும்?
- பாளையங்கோட்டையில் இருந்து ஒரு கல்லூரி மாணவர்

பதில்: இட்லிக் கொப்பரை மூடியத் திறக்கையில கைய நீட்டிப் பாத்துருக்கியளா? சுள்ளுன்னு வெந்துரும். அத விடச் சூடான அவனுக்குள்ள காத்துல கைய விட்டா ஒரு நொடி தாங்கும். ஆவி குளுந்த பொருள் மேல பட்டதும் தண்ணியா மாறும், மாறையில கிராமுக்கு 540 கலோரிய அப்பிடியே அதுமேல கொட்டிரும். அதுபோக ஈரத்துல புரதம் முட்டை மாதிரி சட்டுனு உறைஞ்சிரும், காய்ஞ்ச சூட்டுல அது கருகித்தான் சாகணும், அதுக்குத்தான் அவ்வளவு நேரம். அப்ப எதுக்கு அவன்னு கேப்பிய, எண்ணெய், பவுடருக்குள்ள ஆவி நுழையாதுல்லா.

கேள்வி: அல்வா பல நாள் கெடாம இருக்கே, கிண்டுற சூட்டுல கிருமி செத்துறதாலயா?
- டவுன்ல இருந்து ஒரு வாசகர்

பதில்: சூடு ஆறுனப்புறம் கடைக்காரர் கரண்டி படுது, பேப்பர் படுது, உங்க கை படுது. கிருமி வரத்தான் செய்யும் அண்ணாச்சி, சீனி தண்ணியெல்லாம் பிடிச்சு வச்சுக்கிடுறதால அதுக்குக் குடிக்க ஒண்ணுமில்ல.